உம்மாவின் பிஸ்கட் டப்பா

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம். துல்கஃதா பிறை பார்த்துச் சில நாட்களே ஆகியிருந்தன. சுப்ஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்யப் போன என் உம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 74. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் கடலோர ஊரில் அதற்கு வசதியில்லாததால் மதுரைக்குக் கொண்டு சென்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று மருத்துவர் படத்தைக் காட்டிச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்று ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தேன்.

எலும்பைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை. அது ஒழுங்காகவே கூடியது. நான் எழுத வந்தது, அறுவைக்குப் பின் ஆறாம் நாள் இரவு உம்மாவைப் பிடித்துக் குலுக்கிய குளிர் காய்ச்சலைப் பற்றி.

எழுந்து நடக்க இயலாதவர்களுக்குச் சிறுநீர் போவதற்காக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். காய்ச்சல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது என்று ஊகித்து, பெரிய மருந்து என்று சொல்லி மெரோபெனம் என்ற ஊசியை ஆரம்பித்தார்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வந்த தாளில் கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா என்றிருந்தது. அதன் கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. எஸ் என்றிருந்தால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும்; ஆர் என்றிருந்தால் கட்டுப்படாது. நான் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். ஆர், ஆர், ஆர் என்றே போயிற்று. அடியில் கோலிஸ்டின் என்ற ஒன்றின் எதிரே மட்டும் எஸ்.

பெண் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். "கடந்த ஆறு மாதத்தில் அம்மாவுக்கு என்னென்ன ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தகர டப்பா உண்டு. காக்கா சவூதியில் இருந்தபோது கொண்டுவந்த டேனிஷ் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்து இருபது வருடமாகிறது. அதன் பிறகு அது மருந்து டப்பாவாயிற்று. அமாக்ஸிசிலின், சிப்ரோஃப்ளாக்ஸசின், அஸித்ரோமைசின் எல்லாம் அதில் இருக்கும். யாராவது ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை, யாருக்கோ எழுதிக் கொடுத்து மிச்சமானவை, தெருமுனை மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ரெண்டு கொடுங்க" என்று வாங்கியவை. உம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். சிப்ரோவில் இரண்டு கொடுப்பேன், மறுநாள் ஒன்று. கடுப்பு நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். ஒரு மாத்திரையைக்கூட வீணாக்காத சிக்கனக்காரி என்று எனக்குள் பெருமை வேறு. ஆறு மாதத்தில் எத்தனை தடவை என்று மருத்துவரிடம் எண்ணிச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் நமக்குத் தீங்கில்லாமல் வாழ்கின்றன. மருந்து உள்ளே போகும்போது எளிதில் சாகக் கூடியவை செத்துவிடும். மருந்தை எதிர்க்கும் திறனுள்ள சில மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆளில்லாததால் அவை பெருகிவிடும். அதோடு நிற்பதில்லை. எதிர்க்கும் திறனை எழுதி வைத்த பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். மெரோபெனம் போன்ற பெரிய மருந்துகளையே உடைக்கும் ஒரு நொதி, 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் புதுடெல்லியில் சிகிச்சை பெற்றவர் என்பதால் நம் தலைநகரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நம் நாட்டில் பலருக்கு அது கோபத்தை உண்டாக்கியது. ஆனால் 2010இல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்ததே!

"அப்படியானால் என்னால்தானா?" என்று கேட்டேன். "தெரியாது. வீட்டிலிருந்தே அவர்கள் கொண்டு வந்திருக்கலாம். இந்த வார்டிலும் பிடித்திருக்கலாம். குழாயின் உள்பக்கம் கிருமி வழவழப்பான படலமாகப் படிந்துகொண்டால் மருந்து எட்டுவது கடினம்" என்றார். தம் மருத்துவமனை மீதும் பழி வரலாம் என்பதை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மைக்காக அவருக்கு நான் துஆச் செய்கிறேன்.

கோலிஸ்டின் ஆரம்பமாயிற்று. இது பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கி வைத்ததை, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ரத்தம் எடுத்து கிரியேட்டினின் பார்ப்பார்கள்; எண் ஏற ஏற எங்கள் வயிற்றில் புளி கரையும். அந்த நாட்களில்தான், கோழி முதலிய உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்த செய்தி பத்திரிகையில் வந்தது. ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சீக்கிரம் எடை கூட வேண்டும் என்பதற்காக அதைத் தீவனத்தில் கலந்து வந்தார்களாம். ஹலாலாக அறுத்ததா என்று கேட்டுத்தான் கோழி வாங்குவோம். அது என்ன தின்று வளர்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது.

காய்ச்சல் வருவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய 14 பேர் உம்மாவைப் பார்க்க வந்தார்கள். பார்வை நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று எழுதித்தான் இருந்தது. நாம் எங்கே கேட்கிறோம்! நெற்றியில் கை வைத்தார்கள், ஸலவாத் ஓதி ஊதினார்கள், படுக்கையிலேயே உட்கார்ந்தார்கள். சாச்சி தரையில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கி ஒழுங்காக மாட்டினார்கள். பக்கத்துப் படுக்கையில் சர்க்கரை நோயால் கால்விரல் எடுக்கப்பட்ட ஓர் அம்மா இருந்தார். ஆண்டிபட்டிப் பக்கம். அவருடைய மகள் எனக்கு இரவில் கஞ்சி கொடுப்பாள். நான் அவளுக்கு நம் வீட்டு இடியாப்பம் கொடுப்பேன். சாச்சி அந்த அம்மாவிடமும் போய், தலையணையைச் சரி செய்து, வாயில் தண்ணீர் புகட்டி, போர்வையை இழுத்து விட்டார்கள். இடையில் கை கழுவவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோரும் ஒளூவோடுதான் இருந்தோம். அதனால் கைகள் தூய்மை என்றே நினைத்தோம். தொழுகைக்குரிய தூய்மை ஒன்று, ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் முன் கழுவ வேண்டிய கை வேறொன்று என்பது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வார்டு வாசலில் கையில் தேய்க்கும் திரவம் மாட்டியிருந்தது. அதில் சாராயம் கலந்திருக்கிறது என்று பெரியவர் ஒருவர் தொடாமலே உள்ளே வந்தார். பின்னாளில் எங்கள் ஆலிம் சாஹிபிடம் கேட்டேன். 2002ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு கவுன்சில், கிருமிகளைக் கொல்வதற்காக ஆல்கஹாலை வெளியே பயன்படுத்துவது கூடும் என்று தீர்மானித்திருப்பதைச் சொன்னார்கள். மனம் ஒப்பாதவருக்குச் சோப்பும் குழாயும் பத்தடி தூரத்தில் இருந்தன.

அந்த அம்மா பதினொரு நாள் கழித்துப் இறந்துபோனார். அவருடைய சோதனைத் தாளிலும் அதே கிளெப்சியெல்லாதான் என்று நர்ஸ் பெண் தணிந்த குரலில் சொன்னாள். யார் கையிலிருந்து யாருக்குப் போயிற்று என்பதை இப்போது எவராலும் சொல்ல முடியாது. நர்ஸுகளின் கையாக இருக்கலாம், கட்டில் கம்பியாக இருக்கலாம். எங்கள் சாச்சியின் அன்பான கையாகவும் இருக்கலாம். அந்த மகள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மாவாவது நல்லாகிப் போகணும்க்கா" என்றாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

உம்மா 14 நாள் ஊசிக்குப் பின் தேறினார்கள். சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை; உப்பும் கறியும் குறைந்தன. நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள்.

வீடு திரும்பியதும் டப்பாவைக் கவிழ்த்தேன். பல அட்டைகளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு 2016இல் அரசு அறிவுறுத்திய அடையாளமாம் அது. எத்தனை முறை கத்தரிக்கோலால் அந்தக் கோட்டையே குறுக்கே வெட்டியிருக்கிறேன்! தெருமுனைக் கடைக்காரர் மீதும் பழி போடத்தான் தோன்றியது. பெரிய ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயர்களைப் பேரேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் "சீட்டெல்லாம் எதுக்கு, தெரிஞ்ச மருந்துதானே" என்று அவரிடம் சொன்னவள் நான்தான். ரியாத்திலிருந்த தங்கை மகனிடம் இனி அனுப்பாதே என்றேன். "இங்கே 2018லேருந்து சீட்டு இல்லாம கொடுக்கிறதே இல்லை, பெரியம்மா" என்று சிரித்தான்.

அடுத்த பங்குனியில் உம்மாவுக்கு மீண்டும் நீர்க்கடுப்பு. "அந்த டப்பாவை எடு புள்ளே" என்றார்கள். காய்ச்சல் இல்லை, மருத்துவரிடம் கேட்டதில், சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். உம்மாவுக்குக் கோபம். "பத்து ரூபா மாத்திரைக்கு ரெண்டு நாள் காத்திருக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றிரவு நான் எழுந்து பார்த்தபோது இருட்டில் தேடித் தேடி அலமாரியைத் திறந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நூல்கண்டும் ஊசியும் பித்தான்களும்தான் இருந்தன.

"எல்லாத்தையும் எங்கே போட்டே?" என்று கேட்டார்கள். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.