627953-ஐப் பிரித்துப் பார்த்தால்...

பைத்தானில் ஒரு எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரிக்கச் சொன்னால் எல்லோரும் எழுதுவது ஒரே வழிதான். 10-ஆல் வகுத்து மீதியை எடு, ஈவை வைத்துக்கொண்டு திரும்பவும் வகு. மேலநீலிதநல்லூரின் பின்கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 627953 % 10 என்றால் 3 வரும். 627953 // 10 என்றால் 62795. இப்படியே ஆறு சுற்று. இலக்கங்கள் 3, 5, 9, 7, 2, 6 என்று தலைகீழாகத்தான் வரும்.

ஆனால் பின்கோடு தபால்காரருக்கு இடமிருந்து வலமாகத்தான் பேசும். 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்த முறை வந்தது. வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், மத்திய அரசு அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட! (கவிஞர் கணக்குப் போட்டால் இப்படி அழகாக வரும் போல.) ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி என்று தபால் பிரிப்பவர்கள் பட்ட பாட்டுக்கு மருந்து அது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவுப் பக்கம். முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்றும் அஞ்சலகம். பக்கத்து ராஜபாளையம் 626117, தூத்துக்குடி 628001. மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினால் பை வேறு திசையில் போய்விடும்.

627953 // 1000 போட்டால் 627 கிடைக்கும். '627 என்றால் திருநெல்வேலி மாவட்டம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. சங்கரன்கோவில் (627756), தென்காசி (627811), மேலநீலிதநல்லூர் எல்லாம் அதில் சேர்ந்தன. பின்கோடு மாறவில்லை. அந்த ஒரு வரியை நம்பும் விண்ணப்பப் படிவத்தில் மேலநீலிதநல்லூர் மாணவர் பின்கோடை அடித்தால் மாவட்டம் திருநெல்வேலி என்று தானாக விழும். சாதிச் சான்றிதழில் தென்காசி என்று இருக்கும். அப்புறம் உதவித்தொகைக்கு யார் அலைவது? 627 தபால் மாவட்டம்தான், வருவாய் மாவட்டம் இல்லை. ஆறு இலக்கத்தையும் அஞ்சலகப் பட்டியலோடு ஒப்பிட்டு மாவட்டத்தை எடுப்பதுதான் சரி.

இன்னொரு விஷயம். பின்கோடை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. அதனால் அதை எண்ணாக வைப்பதைவிட ஸ்ட்ரிங்காக வைப்பதே நல்லது. இந்தியப் பின்கோடு 0-வில் தொடங்காததால் இங்கே தப்பிக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் 02108 என்று ஒரு அஞ்சல் குறியீடு உண்டு. அதை எண்ணாக மாற்றினால் 2108 ஆகிவிடும், முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போகும். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை எக்செல் என்ன பாடு படுத்தும் என்று தெரியும்தானே!

2025-ல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. பத்து இடங்கள், எழுத்தும் எண்ணும் கலந்தவை. அதற்கு % 10 போட்டால் பைத்தான் பிழைதான் காட்டும்.