டெயில்ஸ், விர்ச்சுவல் மெஷின், அந்த ஐந்தரை மணி நேரம்

வன்கொடுமை வழக்கென்று வரும்போது எங்கள் கைக்கு முதலில் வந்து சேர்வது காகிதம் இல்லை. செல்போனில் பதிவு செய்த வாக்குமூலம், காயத்தின் படம், சாட்சிகளின் பெயர், ஊர், நம்பர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு இருக்கிறது. 2015 திருத்தத்தில் வந்தது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. நீதிமன்றம் மறைப்பது இருக்கட்டும். நம் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் பத்திரமாக இருக்கிறதா? இந்தக் கேள்விதான் எங்களை டெயில்ஸ் பக்கம் கொண்டுபோனது.

டெயில்ஸ் என்பது டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய ஆபரேட்டிங் சிஸ்டம். இணையத்துக்குப் போகும் எல்லாவற்றையும் டோர் வழியாகவே அனுப்பும். அணைத்துவிட்டால் செய்த வேலையை மறந்துவிடும். 2013இல் ஸ்னோடென் விவகாரத்தில் பயன்பட்டது இதுதான். பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்வதுதான் முறை. எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். வரவு செலவுக் கணக்கு, மனு டைப் அடிப்பது எல்லாம் அதிலேயே விண்டோஸில் நடக்கிறது. அதனால் விண்டோஸை மூடாமல், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் டெயில்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்று தோழர்கள் முடிவு செய்தார்கள்.

முதல் முட்டுக்கட்டை சாதாரணமானது. 64 பிட் என்ற தேர்வே பட்டியலில் வரவில்லை. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தது; போட்டதும் வந்துவிட்டது.

அடுத்ததுதான் இரண்டு நாளைத் தின்றது. டெயில்ஸ் திறக்கிறது, டோர் இணையவில்லை. டோர் பயன்படுத்துவது நெட்வொர்க்கில் தெரியக்கூடாது என்று பிரிட்ஜ் வழியைத் தேர்ந்திருந்தோம். நெட் கனெக்‌ஷன் சரி, பிரிட்ஜ் முகவரி சரி. கடிகாரத்தையும் பார்த்தோம்: மதியம் 3.10. சுவர்க் கடிகாரத்திலும் 3.10. பிறகென்ன கோளாறு?

கோளாறு அந்த 3.10தான். டெயில்ஸ் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை யுடிசி நேரமாக எடுத்துக்கொள்கிறது. மேலே காட்டுவதும் வழக்கமாக யுடிசிதான். நம் மதியம் 3.10 என்றால் அது காலை 9.40 என்று காட்டியிருக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் இந்திய நேரத்தை அப்படியே உள்ளே கொடுத்ததால், டெயில்ஸ் உலகத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம் இவ்வளவு பிசகினால் பிரிட்ஜ் கதவைத் திறக்காது. பார்வைக்குச் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில், சிஸ்டம் பகுதியில், ஹார்டுவேர் கடிகாரம் யுடிசியில் என்ற கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், இணைந்தது. லண்டனுக்குக் கிழக்கே இருக்கிற நமக்கெல்லாம் வரக்கூடிய தொல்லை இது. உங்களுக்கும் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டோர் இணைந்த சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் டெயில்ஸ் ஆரம்பத்திலிருந்தே ஓர் எச்சரிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தது: நீங்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறீர்கள், வெளியே இருக்கும் சிஸ்டம் உங்களைக் கண்காணிக்க முடியும். கோளாறு சரிசெய்யும் அவசரத்தில் எவரும் நின்று படிக்காத வரி அது. அதைப் பற்றித்தான் அன்று மாலை பேச்சு.

பட்டா இல்லாத மனையில் வீடு கட்டிக் குடியிருக்கும் கதை நம் ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுவர் நம்முடையது, கூரை நம்முடையது, பூட்டும் நம்முடையது. மனை மட்டும் ஆண்டையுடையது. விர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். டெயில்ஸ் உள்ளே எவ்வளவு ரகசியமாக இருந்தாலும், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் விண்டோஸ் வழியாகத்தான் உள்ளே போகிறது. திரையும் விண்டோஸுடையது. விர்ச்சுவல் மெஷினை அணைக்காமல் அப்படியே சேமித்து வைத்தால், மறந்துவிடுவதாகச் சொன்ன அந்த ரேம் மொத்தமும் ஹார்டு டிஸ்கில் எழுதப்படும்.

இது கற்பனைப் பயம் இல்லை. பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைதான ரோனா வில்சனின் லேப்டாப்பை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் ஆராய்ந்தது. நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாக யாரோ 22 மாதம் அந்த லேப்டாப்புக்குள் இருந்தார்கள், அவருக்குத் தெரியாமல் கடிதங்களை வைத்தார்கள் என்று 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. தலித், ஆதிவாசி மக்களுக்காக வாதாடிய நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கம்ப்யூட்டரிலும் அதே கதை. இவர்களிடம் நுழைந்தவர்கள் நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டுக்கொண்டு வெளியே நிற்கவில்லை. மெஷினுக்குள்ளேயே குடியேறினார்கள். அப்படிப்பட்ட விண்டோஸுக்குள் டெயில்ஸை ஓட்டுவது திருடன் இருக்கும் அறையில் பெட்டியைப் பூட்டுவது போல.

விர்ச்சுவல் மெஷினை நாங்கள் அழித்துவிடவில்லை. புதிதாக வரும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க அது நல்ல வசதி. தவறாக எதையாவது தட்டினால் ஒன்றும் கெடாது. ஆனால் சாட்சி பெயர் உள்ள எதையும் அதில் திறப்பதில்லை. அதற்கு 8 ஜிபி பென்டிரைவ் இரண்டு வாங்கியிருக்கிறோம். கணக்கு வேலையை நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து, டெயில்ஸில் பூட் செய்கிறோம். பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜும் அதில்தான் கிடைக்கிறது; ஐஎஸ்ஓ கோப்பை வைத்து ஓட்டிய விர்ச்சுவல் மெஷினில் அது இல்லை. மதர்போர்டிலேயே யாராவது கைவைத்திருந்தால் இதுவும் காக்காது, அது தெரிந்துதான் செய்கிறோம்.

இதையெல்லாம் சாட்சி சொல்ல வந்த ஓர் அக்காவிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, நான் பேசுனத மொதல்ல புடிச்சது ஒங்க போன்லதான? அதுல இருக்கா, அழிச்சாச்சா?” இந்த மாதம் முழுக்க அந்த வேலைதான் நடக்கிறது.