இருட்டில் ஏறும் ஜீப்புகள்

இன்னும் விடியவில்லை. சூரியநெல்லியில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன, கொழுக்குமலைச் சூரியோதயத்துக்காக. இடுக்கியில் புறப்பட்டு, எல்லை தாண்டித் தேனி மாவட்டத்தில் முடியும் சாலை இது. (சாலை என்பது மரியாதைக்குச் சொல்வது; கல்லும் பள்ளமும்தான்.)

மூடுபனியில் கம்பெனி கொடுத்த விளக்கு போதாது. கூடுதலாக இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகளைப் பொருத்தினால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர் இழுக்கும். பழைய சுவிட்ச் வழியாகவே அதை விட்டால் ஒயர் சூடேறி உருகும். எனவே பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், அதையொட்டி ஃபியூஸ், நடுவே ரிலே. சுவிட்சுக்குச் சொற்ப மின்சாரமே போகும். செலவு பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, குலுங்கும் ஜீப்பில் முதலில் கழன்றுவிடும். கழல்வது கொண்டை ஊசி வளைவில் என்றால், எதிரே பள்ளத்தாக்கு.

உச்சியில் வெளிச்சம் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கப் போகிறார்கள்.