அம்பூரி ஓடைக் கரையில்

குன்னத்துகாலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் மூன்று, சென்ற தை மாதம் புகைவண்டி நிலையப் பணியிலிருந்து இருநாள் விடுப்பு வாய்த்ததும், வெள்ளறடை வழியாக அம்பூரிக்குச் சென்று கூடாரமிட்டுத் தங்கினோம். மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டம், நடுவே சிற்றோடை. தோட்டத்துக்காரர் அன்புடன் இடம் தந்தார்.

நீர்விளிம்பு மணலிலேயே கூடாரம் வேண்டுமெனப் பிள்ளைகள் அடம் பிடித்தனர். பெரியவர்கள் இணங்கவில்லை. 2001 நவம்பர் 9 அன்று பெருமழையில் இவ்வூர் மலைச்சரிவு உடைந்து, மண்ணும் பாறையும் வீடுகளை மூட, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாம் நிலச்சரிவென்பதை மலையாளத்தார் உருள்பொட்டல் என்பர். அச்சொல்லிலேயே அவ்வோசை கேட்கிறது!

தை மாதத்தில் அச்சம் குறைவுதான். துலாமழைக் காலத்திலோ, அதாவது நம் ஐப்பசியில், இத்தகைய கரையில் உறங்கவே கூடாது. மலைமேல் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே ஓடையில் வந்திறங்கும். நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், பாத்திரம் பண்டங்களைப் பாராமல் மேடேற வேண்டும்.

ஆதலின் ஓடைக்கு ஆளுயரம் மேலே, பின்புறம் செங்குத்துச் சரிவில்லாத திட்டில் முளையடித்தோம். இரவு உணவு அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். வீட்டில் அதைத் தொடாத பிள்ளைகள் இங்கே சட்டியை வழித்தனர். விடிந்ததும் அவர்கள் முதலில் ஓடிப் பார்த்தது, நீர் தெளிந்திருக்கிறதா என்பதைத்தான்.