ஒண்ணுமில்ல டொக்டர்

இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு டயகம தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய சில வாரங்களில் நான் மாத்திரைகளை நிறுத்தினேன். மறதியால் அல்ல, தெரிந்தேதான் செய்தேன். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள் கட்டி அடைத்து உயிரே போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மனைவி கையில் தந்ததை வாயில் போட்டுக்கொள்வேன். அவள் குசினிக்குப் போனதும் துப்பி மெத்தைக்கடியில் தள்ளிவிடுவேன். சாக வேண்டுமென்று திட்டம் போடவில்லை. இருக்க வேண்டுமென்ற ஆசையும் இல்லை.

அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் சம்பளம்தான், விழும் என்று தெரிந்தும் அவள் கொழுந்து மலையிலிருந்து பாதியில் இறங்கி வருவாள். “என்னங்க, நெஞ்சு நோவுதா?” என்பாள். “ஒண்ணுமில்ல, நீ வேலைக்குப் போ” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். அவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று செய்கிறேன் என நினைத்துக்கொண்டேன். அது பொய். ஒருவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கு நான் பயந்தேன். தன்மேல் எனக்கு ஏதோ வெறுப்பு என்று நம்பி, அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுதிருக்கிறாள்.

கிளினிக்கில் வைத்தியர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? இதய நோயாளிகளிடம் இவற்றைக் கேட்கச் சொல்லி அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் பரிந்துரைத்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1993இல் மொன்றியலில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு நோய் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம், இதயத்தின் நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்காக இருந்தது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் “ஒண்ணுமில்ல டொக்டர்” என்றேன். என் மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணுமில்ல” என்ற இந்தச் சொல்லை நான் எங்கே பழகினேன் என்று யோசித்திருக்கிறேன். அம்மா வேலைக்குப் பேர் கொடுக்க விடியப் பெரட்டுக்கு ஓடுமுன் என்னைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போவார். அழாத பிள்ளை என்று அங்கே பெயர் வாங்கினேன். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பேர் விழாத நாளில் அடுப்பு எரியாது, அவருக்கு வேறு வழி இல்லை. தாய்–பிள்ளைப் பற்றுதலை ஆராய்ந்த ஜோன் போல்பிகூட லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஆயா கையில் வளர்ந்தவர்தான்.

அவருடன் வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்துவைத்து, தாய் திரும்பி வரும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பலர் தாயிடம் ஓடினார்கள். சிலர் தாய் வந்ததையே காணாததுபோல் விளையாட்டுச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1977இல் சுரூஃப், வாட்டர்ஸ் என்ற இருவர் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். முகத்தில் ஒன்றுமில்லை. துடிப்பு மட்டும் ஏறியிருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு நடுங்கியது. என் மாரடைப்புக்குப் பிள்ளைக்காம்பராதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. சீனி வருத்தமும் நான் ஊதித்தள்ளிய சிகரெட்டும் அதற்குப் போதும். ஆனால் நோய் வந்த பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை அந்தக் குழந்தைகளிடம் கண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர். தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். தொந்தரவே தராதவன். “இவனைப் பார்த்துப் படிங்க” என்று மற்றப் பிள்ளைகளிடம் அவனைக் காட்டினேன். அம்மா பேசினாரா என்று அவனிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. மாத்திரையைத் துப்பியதைவிட இது என்னை அதிகம் வருத்துகிறது. அவன் மௌனம் எனக்கு வசதியாக இருந்தது.

மெத்தையை உதறியபோது மனைவி மாத்திரைகளைக் கண்டாள். சண்டை போடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு என்னோடு அறைக்குள்ளேயே வந்தாள். “இவரு தூங்குறதில்ல, சாப்பிடுறதில்ல, மகள் போன் எடுத்தாலும் பேசுறதில்ல டொக்டர்” என்றாள். அன்றுதான் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினார்கள். செர்ட்ரலின் என்ற அந்த மருந்து இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்று 2002இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுளும் நீளுமா என்பது வேறு கேள்வி. 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் மனப் பயிற்சிச் சிகிச்சையால் சோர்வு குறைந்தது, இறப்பு குறையவில்லை. எனக்கு இப்போது தூக்கம் வருகிறது, மகளோடு பேசுகிறேன்.

நெஞ்சு வருத்தக்காரரைப் பார்க்கும் வைத்தியர்களிடமும் தாதியரிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் கேளுங்கள். நோயாளி சம்மதித்தால், வாங்கில் காத்திருப்பவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். என்னைப் போன்றவர்கள் பொய் சொல்வோம்.