ஒரு தலைமையாசிரியரின் கடிதம்

நாம் இளமையில் பயின்றது ஒரு தோட்டப் பாடசாலையில். ஓர் அறை, ஓர் ஆசிரியர். அவருக்குச் சம்பளம் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்தது. எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்த சிறுவனொருவனை மங்கு துடைக்க அனுப்பும்படி கங்காணி வந்து கேட்டபோது, ஆசிரியர் வாய் திறவாமல் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார். அன்று அவரைக் கோழையென்று எண்ணினோம். குர்ட் ஹான் என்பாரின் வாழ்க்கையை அறிந்த பின்னரே, படியளப்பவனை எதிர்த்துப் பேசுதல் எத்துணை அரிது என்பது எமக்கு விளங்கிற்று.

ஹான் 1886-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானிய முடியரசின் கடைசி நாட்களில் பிரதமராயிருந்த பேடன் இளவரசர் மாக்ஸின் அந்தரங்கச் செயலாளராக இருந்தார். 1920-இல் இளவரசரின் சாலெம் மாளிகையிலேயே இருவரும் ஒரு தனியார் பள்ளியை நிறுவினர். கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பியோர் பெரும்பாலும் செல்வரும் பிரபுக்களும். ஹானோ, செல்வர் வீட்டுப் பிள்ளைகளைச் செல்வச் செருக்கிலிருந்து மீட்பதே தம் வேலை என்றார். அதிகாலை ஓட்டமும் குளிர்நீர்க் குளியலும் அவர் முறைகளிற் சில. இவற்றில் எமக்கு அவ்வளவு வியப்பில்லை. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்த நம் லயத்துப் பிள்ளைகளைப் பற்றி எவரும் தத்துவம் எழுதியதில்லை.

எம்மை வியக்கவைத்தது வேறு. 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பொடெம்பா என்னும் கிராமத்தில் நாஜிப் படையினர் சிலர் நள்ளிரவில் ஒரு ஏழைத் தொழிலாளியின் வீடு புகுந்து, பெற்ற தாயின் கண்ணெதிரே அவனை மிதித்துக் கொன்றனர். நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அக்கொலையாளிகளைத் தம் தோழர்களெனக் கொண்டாடித் தந்தி அடித்தார். மாண்டவன் கூலிக்காரன், அவனுக்காகச் சாலெம் பள்ளி வாய் திறக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆயினும் ஹான் தம் பழைய மாணவர் அனைவருக்கும் கடிதம் விடுத்தார். நாஜிப் படைகளில் சேர்ந்திருப்போர் ஹிட்லரை விடவேண்டும், அன்றேல் சாலெமை விடவேண்டும். நடுநிலை என்று ஒன்று இனி இல்லை என்பது அதன் சாரம்.

அன்பர்களே, பணம் கட்டும் குடும்பங்களை நம்பி நடக்கும் பள்ளியின் தலைவர், அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இப்படி எழுதினார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! ஹிட்லர் பதவியேறிய சில வாரங்களில், 1933 மார்ச்சு மாதம், ஹான் சிறைப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு பரிந்து பேசியதால் விடுதலையாகி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். எம் ஆசிரியருக்கு அப்படிப் பரிந்து பேச ஒரு கிராணிகூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1934-இல் ஹான் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். மாணவர் கடலோரக் காவலில் முறைவைத்து நின்றனர். அதுவும் நாளடைவில் செல்வர் பள்ளியாகவே பெயர் பெற்றது, இக்குறையை மறைப்பதற்கில்லை. ஆனால் 1941-இல் அவர் செய்தது வேறு வகை. நீலப் புகைபோக்கிக் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்டோடு சேர்ந்து, வேல்ஸ் நாட்டு அபர்டோவியில், இளம் மாலுமிகளுக்குக் கடலில் உயிர் பிழைக்கும் திறனைக் கற்பிக்கும் குறுகியகாலப் பள்ளியை நிறுவினார். அக்கம்பெனியின் கப்பல்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நம்மவர் கண்டு பழகியவை. நம்மவர் வெட்டிய பாலும் ரப்பராகி அவற்றில் ஏறிச் சென்றது.

அதே முறையில் 1954-இல் லூமுட்டிலும் 1967-இல் புலாவ் ஊபினிலும் பள்ளிகள் எழுந்தன. அங்கே கயிறேறிப் படகு தள்ளித் திரும்பிய இளைஞர் சிலரிடம் ஹானைப் பற்றிக் கேட்டோம். பெயரை அறிந்திருந்தனர். கடிதத்தைப் பற்றி ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.