கன்னத்துக்கும் கண்ணுக்கும் இடையே

துப்பாக்கியின் மீது தொலைநோக்கி பொருத்த முனைவோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் அறிவுரை ஒன்றே: முடிந்தவரை தாழ்வாக வை. முன்புறக் கண்ணாடி குழலை உரசக் கூடாது. போல்ட்டைத் தூக்கி இழுக்கும்போது அதன் கைப்பிடி இடிக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. விதி எளிமையானது, ஆனால் பார்ப்பவரின் முகத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பார்வைக்கோடு நேரானது, குண்டின் பாதை வளைந்தது. தொலைநோக்கியின் அச்சு குழலின் அச்சுக்கு 4 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். குண்டு வாயை விட்டு வெளியேறும் கணத்தில் பார்வைக்கோட்டுக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது. குழல் மிகச் சிறிதளவு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது ஏறி அக்கோட்டை ஒருமுறை வெட்டுகிறது. புவியீர்ப்பால் இறங்கும்போது மறுமுறை வெட்டுகிறது. உயரத்தை மாற்றினால் இவ்விரு புள்ளிகளும் இடம் மாறும். திருகைச் சில 'கிளிக்' திருப்பி, வேண்டிய தொலைவில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கழுத்தின் கோணத்தைச் சரிசெய்யும் திருகு எதுவும் தொலைநோக்கியில் இல்லை.

தாழ்வே நன்று என்ற விதிக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. இரும்புக் குறிகளுக்காகச் செதுக்கப்பட்ட பழைய மரக்கட்டைகளில் கன்னம் பதியும் விளிம்பு தாழ்ந்தே இருக்கும். அத்தகைய கட்டையில் தொலைநோக்கியை உயர்த்தினால் கன்னம் அந்தரத்தில் தொங்கும். இன்று கட்டைகள் மாறிவிட்டன, விதி மாறவில்லை. ஒரு தலைமுறையின் வழக்கு அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிடுவதை மொழியியல் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் உலகப்போரில் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் தொலைநோக்கிகள் பல, குழலுக்கு நேர் மேலே அன்றி இடப்பக்கமாகப் பொருத்தப்பட்டன. மேலிருந்து தோட்டாக்களை விரைந்து நிரப்ப வழி வேண்டும் என்பது காரணம். துப்பாக்கியின் வசதி காக்கப்பட்டது. வீரனின் கன்னம் கட்டையை விட்டு விலகியது. இரண்டாம் உலகப்போரில் குறிபார்த்துச் சுடுவோருக்கென்று தேர்ந்தெடுத்த 'நம்பர் 4' துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்தும் பணி லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அவற்றின் பின்கட்டையின் மேல் ஒரு மரத்துண்டும் திருகப்பட்டது. கன்னம் சாய்வதற்கு. அலங்காரமற்ற அந்த மரத்துண்டுதான் இந்த வரலாற்றிலேயே மிகுந்த அறிவுடைய உறுப்பு என்று தோன்றுகிறது.

சரியான உயரத்தை அறியும் சோதனைக்குக் கருவி வேண்டாம். வெற்றுத் துப்பாக்கியை, பாதுகாப்பான திசையில், கண்களை மூடித் தோளில் அணைத்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுமையாகத் தெரிந்தால் உயரம் சரி. ஓரத்தில் கருநிறப் பிறை தெரிந்தால் தலை எதையோ தேடிச் செல்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் நிற்கும் கண்ணுக்குக் குறுக்குக்கோடு இலக்கின் மீது மெல்ல நகர்ந்து காட்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் முட்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட வேண்டும். அங்கே தொலைநோக்கிக்கு இடமில்லை, துளைக்குறிதான். எனினும் நிலை மாறும்போது தலையின் சாய்வும் மாறுவதால் கன்னப்பலகையையும் குறியின் உயரத்தையும் மாற்றிக்கொள்வோர் பலர். ஒரே மனிதருக்கே மூன்று உயரங்கள்.

தேசிய மாணவர் படையின் பயிற்சிக்களத்திலோ ஒரே துப்பாக்கிக்கு முப்பது முகங்கள். வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிறிய முகமுடைய மாணவி ஒருத்தி .22 துப்பாக்கியோடு படுத்தாள். கன்னத்தைப் பதித்தால் துளைக்குறிக்குக் கீழே கண். கண்ணை உயர்த்தினால் கன்னத்துக்கு ஆதாரமில்லை. குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. "மூச்சை அடக்கு, பயப்படாதே" என்றார் உஸ்தாத். அவள் பயப்படவில்லை. முகாமுக்குத் தேர்வாக வேண்டியவர்களின் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே கேள்விக்குறி விழுந்துவிட்டது.

ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் முதிய ஹவில்தார்தான் அருகில் குனிந்து, குறியைப் பாராமல் அவள் கன்னத்தைப் பார்த்தார். துப்பாக்கி துடைக்கும் துணியை நான்காக மடித்துக் கட்டையின் மேல் வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டினார். "இப்போது சுடு, பேட்டி." அடுத்த ஐந்து குண்டுகள் தீப்பெட்டி அளவுக்குள் அடங்கின. உஸ்தாத் தாளை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டியலிலிருந்த கேள்விக்குறியை அடித்தார்.

அவளுக்கு அடுத்துப் படுத்தவள் நெடிய முகத்தினள். துணியை அவிழ்த்த பிறகுதான் அவளுக்குத் துளை தெரிந்தது.